வடக்குச் சந்தில் ஒரு தோட்டம்: ஈரமும் நிழலும் சேர்ந்த இடத்தில் செடி வளர்க்க முழுமையான வழிகாட்டி

பெரும்பாலான வீடுகளில் அப்படி ஓர் இடம் இருக்கும். வீட்டுச் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவே நாலடிச் சந்து, துணி துவைக்கிற கல்லை ஒட்டிய மூலை, ஏசி தண்ணீர் சொட்டுகிற பக்கம், பழைய வீடு என்றால் கிணற்றடி. வெயில் எட்டிப் பார்க்காது. மழை நின்று ஒரு மாதம் ஆன பிறகும் மண் சொதசொதவென்று கிடக்கும். சுவரில் பாசி படிந்திருக்கும். உடைந்த வாளியும் மிச்சமான டைல்ஸும் அங்கேதான் போய்ச் சேரும்.

எங்கள் வீட்டில் அது வடக்குச் சந்து. சென்னையின் தெற்குப் புறநகர், களிமண் பூமி. முதல் மழையில் அங்கே கணுக்கால் தண்ணீர் நின்றதைப் பார்த்த மேஸ்திரி, "சிமென்ட் போட்டு மூடிடுங்க சார், நிம்மதி" என்றார். நான் கேட்கவில்லை. அதற்காகப் புத்திசாலித்தனமாக எதையும் செய்துவிடவும் இல்லை. ரோஜா வைத்தேன், மல்லி வைத்தேன். ரோஜா ஐப்பசியில் வேர் அழுகிச் செத்தது. மல்லி கொடியாக நீண்டுகொண்டே போனது, ஒரு மொட்டு விடவில்லை. மேட்டு மண் கொட்டி இடத்தை உயர்த்தினேன், தண்ணீர் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பியது, அதில் ஒரு சண்டை.

இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனபோது பாட்டி வீட்டுக் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே நின்றேன். துவைக்கிற கல்லைச் சுற்றிச் சேம்பு. வாய்க்கால் ஓரம் வல்லாரை. கொல்லை மூலையில் வசம்பு. யாரும் திட்டம் போட்டு வைத்தவை அல்ல, யாரும் அவற்றுக்காகத் தனியாகத் தண்ணீர் ஊற்றியதும் இல்லை. அந்த இடத்துக்கு ஏற்றதை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். நான் ரோஜாவுக்காக இடத்தை மாற்றப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. ஈர நிழலுக்கான செடிகள் என்று இணையத்தில் தேடினால் ஹோஸ்டா, அஸ்டில்பி, பிரிமுலா என்று ஆங்கிலப் பட்டியல்தான் முதலில் வரும். அவை குளிர்காலத்தில் உறங்கி எழுகிற செடிகள். நம் சமவெளியில் அந்தக் குளிர் கிடைக்காது. கிழங்கை வரவழைத்து நட்டவர்கள் வீட்டில் முதல் வருடம் நாலு இலை, அடுத்த வருடம் ஒன்றுமில்லை. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். அங்கே ஓடைக்கரைச் சேற்றில் காலா லில்லி தானாகவே மண்டிக் கிடக்கிறது. மற்றவர்களுக்கு இங்கே சொல்லப்போகிற செடிகள் போதும்.

இடத்தைப் படியுங்கள்

மண்வெட்டியை எடுக்கும் முன் வெயிலையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். இதை அவசரப்பட்டுத் தாண்டினால் பின்னால் சொல்வது எதுவும் உதவாது.

முதலில் வெயில். "வடக்குப் பக்கம் வருடம் முழுக்க நிழல்" என்பது குளிர் நாட்டுப் புத்தகங்களில் இருந்து வந்த பேச்சு. நம் ஊரில் அப்படி இல்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து சற்று வடக்கே நிற்கும். மதுரையில் இது ஏப்ரல் நடுவிலேயே தொடங்கி ஆகஸ்ட் இறுதி வரை போகும். அதாவது, மார்கழியில் ஜில்லென்று இருந்த அதே வடக்குச் சந்தில், அக்னி நட்சத்திர வெயில் காலையிலும் மாலையிலும் சாய்வாக உள்ளே வரும். டிசம்பர் நண்பகலில் 10 அடி உயரச் சுவர் சென்னையில் வடக்கே ஏறக்குறைய ஏழரை அடிக்கு நிழல் போடுகிறது. ஜூனில் அந்த நிழல் வடக்குப் பக்கம் விழுவதே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் மார்கழியில் பெரணி (ஃபெர்ன்) நட்டு, வைகாசியில் அது கருகியதும் "நமக்குக் கைராசி இல்லை" என்று விட்டவர்கள் நிறையப் பேர். நானும் ஒருவன்.

நிழல் எவ்வளவு அடர்த்தி என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. நண்பகலில் ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் வைத்து, ஒரு அடி மேலே கையை விரித்துப் பிடியுங்கள். விரல் நிழல் தெளிவாகத் தெரிந்தால் நல்ல வெளிச்சம். கலங்கலாகத் தெரிந்தால் நடுத்தர நிழல், இந்தக் கட்டுரையில் வரும் செடிகள் பெரும்பாலும் இதை விரும்புகின்றன. நிழலே விழவில்லை என்றால் அது இருட்டு. அங்கே சில பெரணிகளையும் அக்லோனிமா, சிங்கோனியம் போன்ற அலங்கார இலைச்செடிகளையும் தவிர வேறு எதற்கும் ஆசைப்பட வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். மழைநீரா, துவைக்கிற தண்ணீரா, குழாய்க் கசிவா? சித்திரை, வைகாசியிலும் ஈரம் காயவில்லை, லேசாக நாற்றமும் வருகிறது என்றால் பெரும்பாலும் கழிவுநீர்க் குழாயோ செப்டிக் டேங்கோ கசிகிறது. பிளம்பரைக் கூப்பிடுங்கள். செடி வைத்து மூடுகிற விஷயமில்லை அது.

பிறகு மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கிறது என்று பாருங்கள். ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இந்த இரண்டாவது தடவைதான் கணக்கு. மணிக்கு ஒரு அங்குலமாவது இறங்கினால் வடிகால் உள்ள மண். மறுநாளும் குழியில் தண்ணீர் நின்றால் தேக்கம்.

ஈரம் வேறு, தேக்கம் வேறு. ஈர மண்ணில் நீரோடு காற்றும் இருக்கும். தேங்கிய மண்ணில் காற்று இல்லை, வேர் மூச்சுத் திணறி அழுகும். "தண்ணி பிடிக்கும் செடி" என்று நர்சரியில் சொல்வதில் பாதிக்கு ஈரம்தான் பிடிக்கும், தேக்கம் பிடிக்காது. வெற்றிலை, மஞ்சள், இஞ்சி எல்லாம் அந்த ரகம்.

நம் ஊரில் மூன்றாவதாக ஒன்று உண்டு, அதுதான் அதிகம்: வடகிழக்குப் பருவமழையில் குளம், கோடையில் பாறை. ஐப்பசி கார்த்திகையில் பத்து நாள் தண்ணீர் நிற்கும், பங்குனி வந்தால் அதே களிமண் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இரண்டையும் தாங்குகிற செடி கிடைப்பது கடினம். அதனால் செடியில் பாதி, பராமரிப்பில் பாதி என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

மண்ணைத் தயார் செய்வது

சுவரை ஒட்டி ஒன்றரை அடியைக் காலியாக விடுங்கள். இடம் குறுகலாக இருந்தால் ஒரு அடியாவது. ஈர மண்ணைச் சுவரோடு அணைத்துக் குவித்தால் ஈரம் சுவரில் ஏறி உள்பக்கம் பெயின்ட் உப்பும். அந்த இடைவெளியில் முக்கால் அங்குல ஜல்லி பரப்பினால் நடக்கவும் வசதி, சாரல் தெறித்து இலையில் சேறு படியாது. தரை வீட்டிலிருந்து விலகிச் சரிய வேண்டும். அஸ்திவாரத்தை ஒட்டி ஆழமாகத் தோண்டவே கூடாது.

சந்து மண்ணில் பெரும்பாலும் கட்டட வேலையின் எச்சம் இருக்கும்: சிமென்ட் கட்டி, உடைந்த செங்கல், பூச்சு உதிரல். ஒரு அடி ஆழத்துக்குக் கொத்தி இவற்றைப் பொறுக்கி எடுங்கள். சிமென்ட் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறி, செடிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாகும். எத்தனை உரம் போட்டாலும் சரியாகாது. எங்கள் சந்தில் இருந்து ஏழு மூட்டை எடுத்தேன். முதுகு இரண்டு நாள் பேசியது.

களிமண்ணாக இருந்தால் மணல் சேர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சமாகச் சேர்த்தால் பலன் இல்லை, சில சமயம் இன்னும் இறுகிவிடும். அதைவிட நன்கு மக்கிய தொழுவுரமோ இலைமக்கோ மூன்று அங்குலம் பரப்பி, மேல் அரை அடி மண்ணோடு கிளறுங்கள். தேங்காய் நார்க்கழிவு சேர்த்தால் இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகு சேருங்கள், அதில் உப்பு இருக்கும். கடற்கரை மணல் பூமிக்காரர்களுக்குப் பிரச்சினை தலைகீழ். அவர்கள் நார்க்கழிவையும் தொழுவுரத்தையும் தாராளமாகப் போடலாம்.

மண் ஈரமாக இருக்கும்போது களிமண்ணைக் கொத்தாதீர்கள், மிதிக்கவும் வேண்டாம். கட்டியாகி, காய்ந்ததும் செங்கல்தான். கையில் பிடித்து உருட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம்.

தேக்கம் உள்ள இடத்தில் இரண்டு வழி. ஒன்று, ஏழெட்டு அங்குல உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எடுத்து, பக்கத்தில் ஒரு சிறு வாய்க்கால் விட்டு மழைநீர்ச் சேமிப்புக் குழிக்குத் திருப்புவது. பக்கத்து வீட்டுக்கு அல்ல, பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டாவது, தேக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு பள்ளத்தில் நீர்க்கரைச் செடிகளை வைப்பது. நான் இரண்டையும் கலந்து செய்தேன்: பள்ளத்தில் வசம்பும் குடைக்கோரையும் (காம்பின் உச்சியில் குடைபோல இலை விரிக்கும் கோரை), மேட்டில் மற்றவை.

துவைக்கிற தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சோப்புத்தூளில் சோடியம் இருக்கிறது, அது களிமண்ணை நாளடைவில் இறுக்கி நீர் இறங்காமல் செய்யும். முதல் அலசல் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டு, கடைசி அலசல் தண்ணீரை மட்டும் திருப்புங்கள். அதையும் கல்வாழை, சேம்பு உள்ள பாத்திக்கே. வல்லாரை, பொன்னாங்கண்ணி போலச் சாப்பிடுகிற கீரைக்குச் சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

எந்தச் செடி, எந்த இடத்தில்

வல்லாரையில் தொடங்குங்கள். பணம் கேட்காது, தவறு செய்தாலும் மன்னிக்கும். தரையோடு தண்டு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விடும். நிழலில் இலை பெரிதாகவும் மெல்லியதாகவும் வரும், துவையலுக்கு அதுதான் நன்றாக இருக்கும். சந்தையில் வேரோடு விற்கும் கட்டிலிருந்தே வேர் உள்ள கணுக்களைக் கிள்ளி ஒரு அடி இடைவெளியில் நடலாம். மூன்று மாதத்தில் தரை மூடிவிடும். பறிக்கும்போது ஓடும் தண்டை விட்டுவிட்டு இலையைக் காம்போடு கிள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நன்றாகப் பறித்தால்தான் அது இளமையாக இருக்கும், விட்டால் பழுத்து நத்தைக்கு வீடாகும். சாக்கடை ஓரத்தில் தானாக முளைத்ததை மட்டும் சாப்பிடாதீர்கள். மண்ணில் என்ன இருக்கிறதோ அது இலையில் ஏறும்.

ஈரத்தில் படரும் நீர்ப்பிரமிக்கும் இதே வாழ்க்கைதான், ஆனால் வல்லாரையைவிடக் கூடுதல் ஈரமும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சமும் வேண்டும். கையளவு தண்டை வெட்டி ஈர மண்ணில் அழுத்தினால் போதும். பொன்னாங்கண்ணியையும் வைக்கலாம், நிழலில் சற்று நெட்டையாக வளரும், அவ்வளவே.

வசம்பு எனக்குப் பிடித்த செடி, ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வாள் போன்ற நீண்ட இலைகள், பார்த்தால் புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடுவார்கள். வீட்டு வேலைக்கு வந்தவர் எங்கள் வீட்டில் ஒரு தடவை அதைத்தான் செய்தார். இலையைக் கசக்கினால்தான் ஆளைத் தெரியும், அந்த வாசனை வேறு எதிலும் வராது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் காய்ந்த வசம்பு முளைக்காது. பச்சைக் கிழங்கு வேண்டும். இரண்டு அங்குலத் துண்டாக, ஒரு மொட்டாவது இருக்கும்படி வெட்டி, மேல் மண்ணில் படுக்க வைத்தாற்போல் நடுங்கள். ஆழப் புதைத்தால் அழுகும். தண்ணீர் நின்றாலும் கவலையில்லை, இது சேற்றுக்குப் பிறந்தது. ஆனால் கும்மிருட்டில் வைக்க வேண்டாம், தினமும் இரண்டு மூன்று மணி நேர வெயில் கிடைத்தால் தூர் கட்டும். கோடையில் இலை பழுத்துப் படுத்தால் செத்துவிட்டது என்று தோண்டாதீர்கள், கிழங்கு உள்ளே இருக்கும். ஏறக்குறைய ஒரு வருடத்தில் கிழங்கு எடுக்கலாம்.

பிள்ளை வளர்ப்பான் என்றும் பேர் சொல்லா மருந்து என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. ராத்திரியில் வசம்பு என்று வாய்விட்டுச் சொன்னால் பாட்டி முறைப்பார். ஆனால் குழந்தைக்குச் சுட்டு உரசி நாக்கில் தடவுகிற வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. இதிலுள்ள பீட்டா-அசரோன் என்ற பொருள் நச்சுத்தன்மை உள்ளது. என் வீட்டில் வசம்பு செடியாகவே இருக்கிறது.

சேம்பு பாத்திக்கு உருவம் தரும். பெரிய இலை, மழைத்துளி உருண்டோடும் அழகு, நிழலிலும் களை கட்டும். கடையில் வாங்கும் சேப்பங்கிழங்கில் முளை தெரிகிறதைப் பார்த்து இரண்டடிக்கு ஒன்றாக நடுங்கள். இலைத்தண்டு கருநீலமாக இருக்கும் அலங்கார ரகம் நர்சரியில் கிடைக்கும், இருட்டுச் சந்தில் அது எடுப்பாக இருக்காது, பச்சையே மேல். சேம்பின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. வெட்டும்போது அரிக்கும், பச்சையாக வாயில் வைத்தால் தொண்டை பற்றி எரியும். டைஃபன்பேக்கியா, அலகேசியா, பீஸ் லில்லி எல்லாமே இதே சேம்புக் குடும்பம், இதே குணம். தவழுகிற குழந்தையோ எதையும் மெல்லும் நாய்க்குட்டியோ இருக்கும் வீட்டில் இவற்றைக் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பெரணிக்கு வருவோம். பழைய கிணற்றின் உள்சுவரில், கறுப்புக் கம்பி போன்ற காம்பில் சின்னச் சின்ன விசிறி இலைகளோடு தொங்குமே, அதைப் பார்த்தாலே ஆசை வரும். பிய்த்துக்கொண்டு வந்து நடாதீர்கள். கல்லிடுக்கில் ஒட்டிய வேர் பாதி அங்கேயே நின்றுவிடும், மீதி வீட்டுக்கு வந்து சாகும். மூன்று தடவை முயன்றவன் சொல்கிறேன். நர்சரியில் போஸ்டன் ஃபெர்ன் என்று கேட்டால் கிடைப்பது நமக்கு ஏற்றது. தரையடியில் ஓடுதண்டு விட்டுத் தானே பரவும். நடும்போது குருத்து கிளம்பும் நடுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், மூடினால் அழுகும். இலை நுனி பழுப்பாகிறதென்றால் பெரும்பாலும் போர்வெல் தண்ணீரின் உப்பு. மாதம் ஒருமுறை மழைநீரோ ஏசி தண்ணீரோ தாராளமாக ஊற்றினால் உப்பு கீழே இறங்கும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் பெரணிக்குக் காட்டாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளி தெரிந்தால் பூச்சி என்று மருந்து அடிக்க ஓடவேண்டாம், அது வித்துத்தூள்.

ரம்பை இலை இலங்கைச் சமையலறையில் கறிவேப்பிலை மாதிரி, கறி தாளிக்கும்போதெல்லாம் ஒரு துண்டு விழும். இங்கே நர்சரியில் பிரியாணிக்கு வாசனை இலை என்று விற்கிறார்கள். ஈரமும் பாதி நிழலும் கொடுத்தால் தொந்தரவே இல்லாத செடி. பக்கக் கன்றில் விழுதுபோல வேர் இறங்கியதும் பிரித்து நடலாம். பச்சை இலையை மோந்து பார்த்து ஏமாற வேண்டாம், சூடு பட்டால்தான் மணம் எழும்.

வெற்றிலையைச் சுவர் ஓரம் ஏற்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும். சோழவந்தான், கும்பகோணம் பக்கம் கொடிக்கால்களைப் பார்த்திருந்தால் ரகசியம் புரியும்: அகத்தி மரம் தரும் சல்லடை நிழல், எப்போதும் ஈரக்காற்று, ஆனால் மேட்டுப்பாத்தி, நடுவில் வாய்க்கால். ஈரம் இருக்கும், வேரில் தண்ணீர் நிற்காது. நின்றால் வாடல் நோய் அடித்தண்டைக் கறுப்பாக்கி இரண்டு நாளில் கொடியைச் சாய்த்துவிடும். மூன்று நான்கு கணு உள்ள கொடித்துண்டை, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி மேட்டில் நடுங்கள். மரத்தூணிலோ நார் சுற்றிய குழாயிலோ ஏற்றலாம். சிமென்ட் சுவரில் நேரடியாக ஏற்றினால் கோடையில் சூடு தாங்காது. இந்தச் சந்தில் அதிகக் கவனம் கேட்பது இதுதான், முதல் வருடம் வேண்டாம் என்பேன்.

மற்றவற்றைச் சுருக்கமாக. கல்வாழை தேக்கத்தையும் வறட்சியையும் தாங்கும், கழிவுநீரையும் குடிக்கும், ஆனால் நாலு மணி நேர வெயில் இல்லாவிட்டால் இலை மட்டும்தான். ஹெலிகோனியாவுக்கும் அதே கதை, கூடவே அது பரவி இடத்தைப் பிடிக்கும். சித்தரத்தை பாதி நிழலில் புதராக வளரும், மதிலை மறைக்க நல்லது. பீஸ் லில்லி நிழலிலும் வெள்ளைப் பூ தரும் அபூர்வமானது, தாகம் எடுத்தால் துவண்டு காட்டும், தண்ணீர் விட்ட சில மணி நேரத்தில் நிமிரும். குடைக்கோரை தண்ணீருக்குள்ளேயே நிற்கும். அதை இனப்பெருக்கம் செய்வது குழந்தைகளுக்குக் காட்ட வேண்டிய வேடிக்கை: குடையை இரண்டு அங்குலக் காம்போடு வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, தலைகீழாகத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குடையின் நடுவிலிருந்து வேரும் குருத்தும் வரும். தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுவும் சேர்ந்து வளரும்.

புதினாவை நிலத்தில் விட்டால் வல்லாரையோடு சண்டை போடும். தனித் தொட்டி.

எப்போது, எப்படி நடுவது

வடிகால் உள்ள இடம் என்றால் ஆடி, ஆவணியில் நட்டுவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்கும். தேங்குகிற இடம் என்றால் அந்த ஆசை வேண்டாம், புதுச் செடி வெள்ளத்தில் மிதக்கும். மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்த பிறகு தை மாதம் நடுங்கள். அப்போது கடுங்கோடை வருவதற்கு மூன்று மாதம் இருக்கும். வசம்பும் குடைக்கோரையும் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

சாயங்காலம் நடுங்கள். நர்சரிப் பையைக் கழற்றினால் பெரும்பாலும் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கும், நடுவில் இறுகிய செம்மண் உருண்டை. அதை அப்படியே களிமண்ணில் இறக்கினால் அந்த உருண்டை தனித்தீவாக நிற்கும். ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெளி மண்ணை விரலால் உதிர்த்து, சுற்றிய வேரைப் பிரித்துவிட்டு நடுங்கள். பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம், தேக்கமான இடத்தில் அரை அங்குலம் மேலே. குழியில் மக்கிய எருவோடு ஒரு பிடி டிரைக்கோடெர்மா விரிடி கலந்து போட்டால் வேரழுகல் பூஞ்சைகளைக் கட்டுக்குள் வைக்கும். உரக்கடையில் கிடைக்கும், தேதி பார்த்து வாங்குங்கள். அது உயிருள்ள பூஞ்சை, காலாவதியான பாக்கெட்டில் வெறும் மாவுதான் இருக்கும். அது போட்ட இடத்தில் தாமிரப் பூஞ்சைக்கொல்லி ஊற்றாதீர்கள், இந்தப் பூஞ்சையும் சாகலாம்.

உயரமானதை மதில் பக்கம், தவழ்வதைப் பாதை பக்கம். இருட்டு மூலையில் வெளிர் பச்சை, வெள்ளைக் கோடு போட்ட இலைகள் எடுப்பாகத் தெரியும்.

பங்குனி முதல் ஆனி வரை

ஈர நிழல் தோட்டம் சாகிற காலம் மழைக்காலம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். என் அனுபவத்தில் கோடையில்தான் அதிகம் போனது. நிழல்தானே என்று தண்ணீரை மறந்துவிடுவோம். முன்பே சொன்னபடி வெயிலும் அப்போதுதான் உள்ளே வருகிறது.

மாசி முடிவதற்குள் மூடாக்கு போட்டுவிடுங்கள். காய்ந்த இலை, தேங்காய் மட்டைத் துண்டு, கரும்புச் சோகை, எது கிடைக்கிறதோ அது, இரண்டு மூன்று அங்குலத்துக்கு. செடியின் அடித்தண்டைத் தொடாமல் ஒரு கை அகலம் விடுங்கள். தண்ணீர் தினமும் தெளிப்பதைவிட இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனைப்பது மேல். மூடாக்கை விலக்கி விரலைச் செருகுங்கள், இரண்டாவது கணுவரை ஈரம் தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம். ஏசி வெளியேற்றும் தண்ணீரை ஒரு குழாய் வைத்துப் பாத்திக்கு விட்டால், நமக்கு வெக்கை அதிகமாகும் மாதங்களில் செடிக்கும் தண்ணீர் தானே அதிகமாகும். இதை நான் தாமதமாகக் கண்டுபிடித்ததில் இன்னும் வருத்தம் உண்டு. மேற்கு மதில் வழியாக மாலை வெயில் அடித்தால் ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒரு துண்டு நிழல்வலை கட்டுங்கள்.

உரம் பெரிதாக வேண்டாம். ஆடியிலும் தையிலும் ஆளுக்கு இரண்டு பிடி மண்புழு உரம். நிழலில் யூரியா போட்டால் செடி மெலிந்து நெட்டையாகச் சாயும்.

தொல்லைகள்

கொசு. இதைத்தான் முதலில் வீட்டார் கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஈர மண்ணில் கொசு வளராது, தேங்கிய தண்ணீரில்தான் வளரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை பொரிந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும், ஆகவே வாரம் ஒருமுறை தொட்டித் தட்டு, வாளி, தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் சுழற்சி அறுந்துவிடும். சந்தில் கிடந்த உடைந்த வாளிதான் உண்மையில் குற்றவாளி, அதை எடுத்து எறிவதே பாதி வேலை. குடைக்கோரைத் தொட்டி நிரந்தரமாக இருந்தால் அதில் கப்பி மீன் விடுங்கள்.

நத்தை. மழைக்காலத்தில் வரும் கை அளவு ஆப்பிரிக்க நத்தை ஒரே ராத்திரியில் வல்லாரைப் பாத்தியை மொட்டையடிக்கும். சாயங்காலம் நனைத்த சாக்கை விரித்து அதன் அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வையுங்கள். விடியற்காலையில் அடியில் கூடியிருக்கும். கையுறை போட்டு எடுத்து, கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு, பிறகு புதையுங்கள். வெறுங்கையால் தொடக்கூடாது, மூளையைப் பாதிக்கும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம். உப்பை நேராகப் பாத்தியில் தூவுகிறவர்கள் நத்தையோடு மண்ணையும் கொல்கிறார்கள். மரவட்டையைப் பார்த்துப் பதற வேண்டாம், அது பெரும்பாலும் மக்கும் இலையைத்தான் தின்னும்.

வேரழுகல். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் அதுதான். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவது எல்லோரும் செய்யும் பிழை. பிடுங்கிப் பார்த்து, பழுப்பாகக் குழைந்த வேரை வெட்டி, நல்ல பகுதியைப் புதிய இடத்தில் நடுங்கள். அடித்தண்டில் வெள்ளைப் பூசணமும் கடுகு போன்ற உருண்டைகளும் தெரிந்தால் அந்த மண்ணையும் சேர்த்து அகற்றுங்கள்.

பாம்பு பற்றிய பயத்தை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்க மாட்டேன். தவளையும் எலியும் இருக்கும் இடத்துக்கு அது வரத்தான் செய்யும். அடுக்கிய செங்கல், ஓட்டுக் குவியல், மரத்துண்டு எதுவும் சந்தில் வேண்டாம். வாசல்படியை ஒட்டி மூன்றடிக்கு உயரமான செடி வைக்காதீர்கள், இரவில் ஒரு விளக்கு எரியட்டும். நடக்கிற ஜல்லிப் பாதையில் பாசி படிந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ப்ளீச்சிங் பவுடர் ஊற்றினால் அது பாத்திக்கு வடியும்.

தூர் பிரித்தல்

இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் நெருங்கிவிடும். வசம்பு நடுவில் இலை இல்லாமல் வளையமாக நிற்கும், பெரணி குட்டையாகும், வல்லாரையின் இலை சிறுக்கும். இது இடநெருக்கடி, நோய் அல்ல. ஆவணியில் ஒரு மேகமூட்டமான நாளில் தூரை முழுதாகக் கிளப்பி, வெளி ஓரத்து இளம் பகுதியை மட்டும் எடுத்து மறுபடி நடுங்கள், நடுவிலுள்ள கிழம் மக்குக் குழிக்கு. சேம்பைக் கார்த்திகைக்கு மேல் இலை பழுக்கும்போது கிளப்பினால் தாய்க்கிழங்கைச் சுற்றிச் சேய்க்கிழங்குகள் இருக்கும், பாதியைக் குழம்புக்கு எடுத்து மீதியைத் திருப்பி நடலாம்.

போன ஆவணியில் பிரித்ததில் வசம்பு மட்டும் பதினோரு தூர் வந்தது. ஆறு எங்கள் பள்ளத்துக்கே போதும். ஐந்தை ஈரச் சாக்கில் சுற்றி, முன்பு தண்ணீர் திருப்பியதற்குச் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அவர்கள் சந்து இப்போது எங்கள் சந்தைவிட நன்றாக இருக்கிறது. அங்கே காலை வெயில் ஒரு மணி நேரம் கூடுதலாக விழுகிறது.